பேரிக்காய் காயா, பழமா?

பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பழத்தைப் பற்றிப் பேசியே கொட்டை போட்டவர் அந்தக் குடியிருப்பில் ஒருவர்தான். அவரை எல்லாரும் நிபுணர் என்று கூப்பிட்டார்கள். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்துத் தொலைத்தார். அது பெயராகவே நின்றுவிட்டது.

உத்தியோகம், ஒரு குளிர்பதனக் கிடங்கில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். லாரியில் வந்து இறங்கும் பழப் பெட்டிகளைத் திறந்து, முகர்ந்து, அமுக்கிப் பார்த்து, ‘உள்ளே’ அல்லது ‘வெளியே’ என்று சொல்வது வேலை. பகல் முழுக்க இரண்டே வார்த்தையோடு வாழ்க்கை நடத்துகிறவருக்கு மிச்ச வார்த்தைகள் எல்லாம் தேங்கிப் புளித்துவிடாதா? அவற்றை மாலை வேளைகளில் செலவழித்தார். பள்ளிக்கூடம், வங்கிக் கிளை, மகளிர் குழு என்று எங்கே ஒரு மைக் சும்மா நின்றாலும் அதன் முன்னால் போய் நின்றார். “பழம் தானாகக் கெடுவதில்லை. நாம்தான் அதைக் கெடுக்கிறோம்!” என்று ஆரம்பிப்பார். அந்த இடத்தில் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்துவார். தட்டாவிட்டால் இன்னொரு தடவை சொல்வார்.

சொன்னதில் குற்றம் சொல்ல முடியாது. வாழைப்பழத்தை ஆப்பிளோடு சேர்த்து வைக்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று முதுமைக்குத் தள்ளும். திராட்சையைக் கழுவிவிட்டு வைக்காதீர்கள், தின்னும்போது கழுவுங்கள். பெட்டி வந்த அன்றே பிரியுங்கள், அடிபட்டதை முதலில் தின்னுங்கள். எல்லாம் சரிதான். ஊருக்கு உபதேசம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

அவர் வீட்டு ஃபிரிட்ஜும் பார்ப்பதற்கு அந்த உபதேசம் போலவே இருந்தது. மேல்தட்டில் கண்ணாடி டப்பாக்கள், நடுத்தட்டில் துணிப்பையில் கீரை, கதவில் எலுமிச்சை. கண் மட்டத்துக்கு மேலே எல்லாம் மாதிரி இல்லம். கண் மட்டத்துக்குக் கீழே ஒரு டிரே இருந்தது. அது திறப்பதில்லை. “தண்டவாளம் இறுகிப் போச்சு” என்பது நிபுணரின் ஆய்வு. “இழுத்தா என்ன வருமோன்னு பயம்” என்பது அவர் மனைவியின் ஆய்வு. எப்போதோ உள்ளே போன ஏதோ ஒரு பழம் அங்கே தனக்கென்று ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு முட்டைக்கோஸை நிறுத்திவைத்தால் வெளியே தெரியாது. முட்டைக்கோஸ் அந்த வீட்டில் சமைப்பதற்காக வாங்கப்பட்டதே இல்லை.

இந்த டிரேயின் ரகசியம் வெளியாள் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. அவள் வெளியாளும் இல்லை. நிபுணரின் தங்கை, எதிர் பிளாக்கில் குடியிருப்பவள். தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அண்ணன் வீட்டில் ஒரு வாய் காபி குடித்து, அண்ணியோடு ஊர்வம்பு பேசி, அண்ணனை இரண்டு வார்த்தை சீண்டிவிட்டுப் போனால்தான் அவளுக்கு அந்த நாள் முடியும். அண்ணனுக்கும் அப்படித்தான். ஆனால் அவர் அதை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

வினை குடியிருப்போர் சங்கக் கூடத்தில் வந்தது. நிபுணர் தம் வழக்கமான உரையை முடித்து, “கேள்விகள் இருந்தால் கேட்கலாம்” என்று பெரிய மனது பண்ணினார். பொதுவாக யாரும் கேட்க மாட்டார்கள். வெளியே டீ ஆறிக்கொண்டிருக்கும். அன்றைக்குத் தங்கை எழுந்தாள்.

“எல்லாம் சரி அண்ணா. உங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல அந்தக் கடைசி டிரே எப்ப திறக்கும்?”

அவள் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி மெதுவாகத்தான் ஏற்றினாள். ஆனால் கூடம் கொல்லென்று சிரித்தது. எந்த உரைக்கும் கிடைக்காத கைதட்டல் அந்தக் கேள்விக்குக் கிடைத்தது. நிபுணர் மேடையை விட்டு இறங்கினார், டீ குடிக்காமல் போனார், தங்கை பின்னாலேயே “அண்ணா, சும்மா தமாஷுக்கு…” என்று வந்தபோது லிஃப்ட் கதவை மூடிவிட்டார்.

அன்றோடு காபி நின்றது.

“ரெண்டு பேரும் காய் விட்டிருக்கீங்களா?” என்றாள் மனைவி.

“அதெல்லாம் குழந்தைங்க பண்றது” என்றார் நிபுணர். “நான் தொடர்பைக் குறைச்சிருக்கேன். அவ்வளவுதான்.”

சின்ன வயதில் இதெல்லாம் சுலபம். சுண்டுவிரலை நீட்டிக் ‘காய்’ என்றால் பேச்சு நின்றது. இரண்டு விரலைச் சேர்த்து நீட்டிப் ‘பழம்’ என்றால் தொடங்கியது. நடுவே ஒரு மிட்டாய் கரைகிற நேரம்தான். தலை நரைத்த பிறகு காய் மட்டும் விடத் தெரிகிறது. இரண்டு விரலை நீட்டுவதற்கு மூட்டுவலி வந்துவிடுகிறது.

இந்த நிலைமையில் ஒரு காலை வேளை கேட் காவலாளி ஓர் அட்டைப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, லிஃப்ட் ஓடாததால் படியேறி வந்தார். நிறைமாத எடை.

“எதிர் பிளாக் தங்கச்சியம்மா குடுத்தனுப்பிச்சாங்க சார். வெச்சுக்கச் சொன்னாங்க.”

“வேற ஏதாவது சொன்னாளா?”

காவலாளி யோசித்தார். தங்கச்சியம்மா சொன்னது ஒரு முழு வாக்கியம். படியேறும்போது மூச்சு வாங்கியதில் பாதி வாக்கியம் படியிலேயே நின்றுவிட்டது. “ஏதோ சொன்னாங்க சார். மொத்தத்துல வெச்சுக்கணும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நிபுணரின் நெஞ்சுக்குள் ஏதோ லேசாக இளகியது. பழப் பெட்டி! பழம்! வாயால் சொல்லக் கூச்சப்பட்டுப் பெட்டியாகவே அனுப்பிவிட்டாள். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள். உதட்டோரம் சிரிப்போடு, ஆனால் மனைவி பார்க்காதபடி, மேல் ஒட்டுத்தாளைக் கிழித்தார்.

பச்சைப் பசேலென்று, கல் மாதிரி, வரிசையாக உட்கார்ந்திருந்தன. பேரிக்காய்.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“பார்த்தியா?” என்றார். “பார்த்தியா அவ திமிரை?”

மனைவி எட்டிப் பார்த்தாள். “நல்லாத்தானே இருக்கு.”

“எது நல்லா இருக்கு? உலகத்துல எத்தனை பழம் இருக்கு. மாம்பழம், வாழைப்பழம், கொய்யாப்பழம். அத்தனையும் விட்டுட்டு இதை ஏன் அனுப்பணும்? இதுக்குப் பேர் என்ன?”

“பேரிக்காய்.”

“கடைசி ரெண்டு எழுத்து?”

மனைவிக்கு விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் உட்கார்ந்துவிட்டாள். “ஐயோ, என்னங்க நீங்க! அது பேர்தாங்க அப்படி. சாப்பிடறது பழமாத்தானே?”

“எந்தக் கடையிலயாவது பேரிப்பழம்னு கேட்டிருக்கியா? எவ்வளவு பழுத்தாலும் அது காய்தான். தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்கா. ‘அண்ணா, நீங்க எவ்வளவு பழுத்தாலும் நமக்குள்ள காய்தான்’னு அர்த்தம். எனக்கா புரியாது?”

கிடங்குக்கு வரும் பேரிக்காயை இருபுறமும் திருப்பிப் பார்த்து ‘உள்ளே’ என்று சொல்கிறவர்தான் இவர். அங்கே ஒரு நாளாவது அதன் இலக்கணத்தை ஆராய்ந்தவர் இல்லை.

“சரி, காயோ பழமோ, பிரிச்சு வைக்கட்டுமா? அடிபட்டது ஏதாவது இருந்தா…”

“தொடாதே! தொட்டா வாங்கிக்கிட்டதா ஆயிடும்.”

“அப்ப திருப்பி அனுப்பிடலாம்.”

“திருப்பி அனுப்பினா கோபம்னு நினைச்சுக்குவா. எனக்கென்ன கோபம்?”

“அப்ப பக்கத்து வீட்டுக்குக் குடுக்கலாம்.”

“என் தங்கச்சி அனுப்பினதை ஏன் அவங்க திங்கணும்?”

ஆக, தின்னக் கூடாது, திருப்பக் கூடாது, கொடுக்கக் கூடாது. இந்த மூன்று விதிகளையும் ஒருங்கே காப்பாற்றக்கூடிய இடம் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. பால்கனி. பெட்டி அங்கே போனது. மேலே ஒரு பழைய பெட்ஷீட் விழுந்தது. பிற்பகல் வெயில் நேராக அடிக்கிற மூலை அது. அந்த மூலையில் பழம் வைப்பவர்களைப் பற்றி நிபுணரின் உரையில் தனியாக ஒரு பத்தியே உண்டு. “பழத்தை உயிரோடு வேக வைப்பவர்கள்” என்று அதில் வரும்.

பேரிக்காய்க்கு ஒரு குணம் உண்டு. மரத்தில் பழுக்காது, பறித்து வைத்தால்தான் பழுக்கும். அதுவும் உள்ளேயிருந்து வெளியே. தோலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பச்சையாக, முறைப்பாக இருக்கும். காம்புக்குக் கீழே கழுத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினால் லேசாக விட்டுக்கொடுக்கும். அன்றைக்கே தின்னவேண்டும், இல்லையென்றால் ஃபிரிட்ஜுக்கு மாற்றவேண்டும். தோல் குழையட்டும் என்று காத்திருந்தால் உள்ளே எல்லாம் முடிந்து போயிருக்கும். நிபுணருக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

அதனால்தான் ஒரு சாயங்காலம், காபி வேளையில், யாரும் வராத அந்த வேளையில், பால்கனியிலிருந்து வாசனை வந்தபோது அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூனை மாதிரிப் போனார். பெட்ஷீட்டைத் தூக்கினார். மேல் வரிசையில் ஒன்றை எடுத்துக் கழுத்தில் அமுக்கினார்.

விட்டுக்கொடுத்தது.

இன்றைக்குத்தான். இன்றைக்குத் தின்றால் தேன். எதிர் பிளாக்கில் தங்கையின் சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் தனியாக நின்று காபி ஆற்றிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. ஒன்றைக் கடித்துக்கொண்டே கையை ஆட்டினால் போதும். இவ்வளவு தூரத்தில் விரல் எத்தனை என்றுகூடத் தெரியாது. அவர் கை கொஞ்சம் உயரவும் உயர்ந்தது.

“என்னங்க, அங்க என்ன பண்றீங்க?” என்றது உள்ளிருந்து குரல்.

“கொசு!” என்றார் நிபுணர். பேரிக்காயைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பெட்ஷீட்டை இழுத்து மூடினார். வைக்கவில்லை, போட்டார். அது கீழே இருந்த இன்னொன்றின் கழுத்தில் போய் இடித்தது. கிடங்கில் யாராவது பழத்தை அப்படிப் போட்டிருந்தால் மெமோ கொடுத்திருப்பார்.

அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை. வாசனை மட்டும் வந்தது. முதலில் தேனாக, அப்புறம் ஒயினாக, அப்புறம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லாமல்.

இப்படியிருக்கையில் சங்கச் செயலாளர் போன் செய்தார். செயலாளர் எதையும் ‘முன்னெடுப்பு’ என்றுதான் சொல்வார். குப்பைத் தொட்டிக்குப் பெயிண்ட் அடித்ததும் முன்னெடுப்புதான்.

“சார், ‘வீணாகா வீடு’ன்னு ஒரு முன்னெடுப்பு. ஞாயித்துக்கிழமை காலைல எல்லாரும் உங்க வீட்டுக்கு வர்றோம். நீங்க ஃபிரிட்ஜைத் திறந்து காட்டிப் பேசணும். வீடியோ எடுத்து எல்லாக் குடியிருப்புக்கும் அனுப்பப் போறோம். உங்களை விட்டா யார் சார் இருக்கா?”

‘உங்களை விட்டா யார் இருக்கா’ என்று கேட்ட பிறகு மறுக்கத் தெரிந்த நிபுணர் இன்னும் பிறக்கவில்லை.

ஞாயிறு காலை வீடு ஜொலித்தது. முட்டைக்கோஸ் புதிதாக வந்து டிரேக்கு முன்னால் காவலுக்கு நின்றது. மிச்சம் இருந்தது பால்கனிப் பெட்டிதான். செயலாளர் முந்தின நாளே வாசலில் நின்றபடி வெளிச்சம் பார்த்து, வீடியோவில் பால்கனியும் விழும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நிபுணர் பெட்டியைத் தூக்கினார். வந்த அன்றைக்கு இருந்ததைவிட லேசாக இருந்தது. அடிப்பக்கம் மட்டும் கைக்கு ஈரமாக, ஏதோ குழந்தையைத் தூக்கிய மாதிரி இருந்தது. படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில் தள்ளிக் கதவைச் சாத்தினார். அதுவரை பால்கனியில் தங்கியிருந்த பழ ஈக்கள் பெட்டி இல்லாததைக் கண்டு, முகவரி விசாரித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தன.

விருந்தாளிகளும் வந்தார்கள். செயலாளர் செல்போனை ஒரு குச்சியில் மாட்டிப் பிடித்தபடி முன்னால் வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். கடைசியில், செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, தங்கை.

நிபுணர் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பிக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

“பழம் தானாகக் கெடுவதில்லை” என்று ஆரம்பித்தார். ஓர் ஈ அவர் மூக்கின் மேல் உட்கார்ந்தது. “நாம்தான் அதைக் கெடுக்கிறோம்.” ஈ மூக்கைவிட்டுக் கிளம்பிச் செயலாளரின் கேமராவில் உட்கார்ந்தது.

ஃபிரிட்ஜ் திறந்தது. டப்பாக்கள் பளபளத்தன. ஒரு பெண்மணி, “எவ்வளவு அழகா வெச்சிருக்காங்க” என்றார். இன்னொருவர் மூக்கைச் சுருக்கி, “இங்க எங்கயாவது வினிகர் காய்ச்சறீங்களா?” என்று விசாரித்தார்.

அப்போது தங்கை முன்னால் வந்தாள். நிபுணர் முட்டைக்கோஸை மறைத்தபடி நின்றார். வரப்போவது டிரே பற்றிய கேள்விதான், சந்தேகமே இல்லை.

“அண்ணனைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லணும்” என்றாள் தங்கை, கேமராவைப் பார்த்து. “போன தடவை கூட்டத்துல நான் ஏதோ கிண்டல் பண்ணிட்டேன். ஆனா எனக்கு ஒரு சந்தேகம்னா அவரைத்தான் கேப்பேன். எங்க ஆபீஸ்ல ஒரு பெட்டி பேரிக்காய் குடுத்தாங்க. எனக்கு அதை எப்படி வெச்சுக்கறதுன்னே தெரியலை. காவலாளிகிட்ட குடுத்து, ‘இதை எப்படி வெச்சுக்கணும்னு அண்ணன்கிட்ட கேட்டுட்டு வாங்க’ன்னு அனுப்பினேன். அண்ணன் பெட்டியையே வாங்கி வெச்சுக்கிட்டாரு. சரி, அவரே பக்குவம் பார்த்துத் தர்றாரு போலன்னு இருந்துட்டேன்.” அண்ணன் பக்கம் திரும்பினாள். முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “எடுத்துட்டு வாங்க அண்ணா. எல்லாரும் பார்க்கட்டும்.”

காவலாளி படியில் விட்டுவிட்டு வந்த பாதி வாக்கியம் இப்போது படியேறி வந்து நிபுணரின் தலையில் உட்கார்ந்தது.

“அது… பக்குவத்துல இருக்கு” என்றார்.

“அதைத்தான் சார் எடுக்கணும்!” என்று செயலாளர் குதித்தார். “நேரடி விளக்கம்!” குச்சியோடு அவரே படுக்கையறைப் பக்கம் நடந்தார், ஈக்கள் வழி காட்டின.

நிபுணர் முந்திக்கொண்டு ஓடினார். தம் கையாலேயே எடுப்பது ஒன்றுதான் மிச்சமிருந்த மரியாதை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, மார்போடு அணைத்து, கூடத்துக்கு நடுவே வந்து நின்றார். “இப்ப நாம பார்க்கப் போறது…” என்று தொடங்கினார். என்ன பார்க்கப் போகிறோம் என்று சொல்லும் வேலையை அட்டைப்பெட்டியின் அடிப்பாகம் எடுத்துக்கொண்டது. அது பிளந்தது. மாதிரி இல்லத்தின் துடைத்த தரையில், ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமே இல்லாமல், பேரிக்காய்கள் வந்து அமர்ந்தன.

செயலாளர்தான் முதலில் குச்சியைத் தாழ்த்தினார். “நல்ல… விழிப்புணர்வு” என்றார். வினிகர் விசாரித்தவருக்கு அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது. அடுத்தவருக்குக் குழாயை மூடாதது நினைவுக்கு வந்தது. அத்தனை பேர் வீட்டிலும் ஒரே சமயத்தில் பால் பொங்கியது அந்தக் குடியிருப்பின் சரித்திரத்திலேயே அன்றுதான்.

தங்கை மட்டும் போகவில்லை. நின்று பார்த்தாள். பிறகு புடவையைச் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“எங்கிட்டயே விட்டிருந்தா இதைவிடக் கொஞ்சம் மெதுவாத்தான் கெட்டிருக்கும்” என்றாள்.

“நீ வெச்சுக்கச் சொன்னேன்னு அந்தக் காவலாளி சொன்னாரு” என்றார் நிபுணர். குரல் மேடைக் குரல் இல்லை.

“சரி, வெச்சுக்கிட்டீங்க. சாப்பிட்டிருக்கலாமே?”

சமையலறை வாசலில் நின்ற மனைவி முந்திக்கொண்டாள். “பேரிக்காய் இல்ல? நீ காய் விட்டிருக்கேன்னு அர்த்தமாம். அதான் ஐயா தொடலை.”

தங்கை அண்ணனைப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள். மறுபடி அண்ணனைப் பார்த்தாள். சங்கக் கூடத்தில் அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் சேர்ந்தால்கூட அப்படிச் சிரித்திருக்க முடியாது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“கத்திரிக்காய் அனுப்பாம விட்டேனே! கேஸ் போட்டிருப்பீங்க!”

“நீ நேர்ல வந்து கேட்டிருக்கலாம் இல்ல?”

“லிஃப்ட் கதவை மூஞ்சியில சாத்தினது யாரு? உங்களுக்கு மட்டுந்தான் ரோஷமா? எனக்கும் அதே வீட்டு ரோஷந்தான். அதான் பெட்டியை முன்னால அனுப்பினேன்.”

நிபுணர் மெல்ல அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். அப்புறம் கை தானாக வேலையைத் தொடங்கியது. ஒன்றை எடுத்தார், முகர்ந்தார், திருப்பினார். “பூஞ்சை. வெளியே.” அடுத்ததை எடுத்தார். “இது ஒரு பக்கம் குழைஞ்சிருக்கு, மறுபக்கம் நல்லா இருக்கு. வெட்டி வேக வெச்சுக்கலாம். உள்ளே.” மனைவி முறம், வாளி, கத்தி எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். தங்கை முறத்தை ஒரு பக்கமும் வாளியை ஒரு பக்கமும் நகர்த்திக் கொடுத்தாள். வாளி சீக்கிரம் நிறைந்தது. முறத்திலும் ஏதோ சேர்ந்தது.

“பேரிக்காய் உள்ளேயிருந்துதான் பழுக்கும்” என்றார் நிபுணர், கத்தியைத் துடைத்தபடி. பழக்கதோஷம். “வெளியே முறைப்பாத்தான் இருக்கும். தோலைப் பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.”

“தெரியும் அண்ணா” என்றாள் தங்கை. “பொறந்ததுலேருந்து பார்க்கிறேனே.”

குவியலின் அடியில் ஒன்று மட்டும் தோல் கெடாமல் கிடந்தது. நிபுணர் அதை எடுத்தார். கழுத்தில் கட்டைவிரலை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

“என்ன, காயா?” என்றாள் தங்கை.

அவர் அதை இரண்டாக வெட்டினார். நடுவில் லேசாகப் பழுப்பு ஓடியிருந்தது. மிச்சமெல்லாம் நன்றாகவே இருந்தது. பழுப்பைச் சீவிவிட்டு ஒரு பாதியை நீட்டினார். நீட்டிய கையில் பேரிக்காயைப் பிடித்திருந்தது எத்தனை விரல் என்று தங்கை எண்ணிப் பார்த்தாளோ என்னவோ.

“பழம்” என்றார்.

“காபி போடறேன்” என்று உள்ளே திரும்பினாள் மனைவி. ஃபிரிட்ஜிலிருந்து பாலை எடுத்தவள், முட்டைக்கோஸையும் சேர்த்து எடுத்து மேடையில் வைத்தாள். “அப்படியே, உக்கார்ந்திருக்கிற கையோட, அந்தக் கடைசி டிரேயையும் ரெண்டு பேருமாச் சேர்ந்து இழுங்க.”